லைட் ஸ்விட்ச் பக்கத்துல யாரு நின்னாங்க? சேயர்வில் ஃபுட்பால் டீம் 2014, ஒரு நிகழ்வு ஆய்வு

நியூ ஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டின்னா நம்ம ஆளுங்களுக்கு எடிசன் தெரியும், இந்தியக் கடைங்க நிறைஞ்ச ஓக் ட்ரீ ரோடு தெரியும். அங்கேர்ந்து ராரிட்டன் ஆத்தைத் தாண்டி தெக்க வந்தா சேயர்வில். அதோட ஒரு பகுதிதான் பார்லின், இப்போ நம்ம குடும்பங்க நிறைய இருக்கற இடம். அங்க இருக்கற வார் மெமோரியல் ஹைஸ்கூல் ஃபுட்பால் டீம்ல 2014 செப்டம்பர்ல சீனியர் பசங்க லாக்கர் ரூம்ல (ட்ரெஸ் மாத்தற ரூம்) சின்னப் பசங்க மேல அத்துமீறினாங்கங்கற புகார் அமெரிக்கா முழுக்க நியூஸ் ஆச்சு, சீசனே நடுவுல நின்னுச்சு, ஏழு பசங்க மேல கேஸ் வந்துச்சு.

நான் வார கடைசில பசங்களுக்கு கிரிக்கெட் சொல்லிக்குடுக்கற ஒரு சின்ன கிளப்ல வாலண்டியர். பசங்களோட பாதுகாப்பு பத்தி பேரண்ட்ஸ் மீட்டிங்ல பேசச் சொன்னாங்க, அதுக்காக இந்த கேஸை எடுத்து முதல்லேர்ந்து படிச்சேன், படிச்சதை அப்படியே எழுதி வெச்சா மத்தவங்களுக்கும் ஆகுமேன்னு இது. சம்பந்தப்பட்ட பசங்க எல்லாரும் மைனர், அதனால பேர் எதுவும் கிடையாது, பெரியவங்க பேரும் வேணாம்னு விட்டுட்டேன், இங்க பேரால ஆகப்போறது ஒண்ணுமில்ல. அந்தப் பசங்களுக்கு என்ன பண்ணாங்கங்கற விவரத்தையும் எழுதமாட்டேன். பாலியல் அத்துமீறல் இருந்துச்சுன்னு ப்ராஸிக்யூட்டர் (அரசு வக்கீல்) குற்றம் சாட்டினாரு, அந்த அளவுக்குத் தெரிஞ்சா போதும்.

பின்னணி

ஃபுட்பால்னா இங்க கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு மோதிக்கற அமெரிக்கன் ஃபுட்பால். ஊர்ல இருக்கறவங்களுக்கு அது வெறும் ஸ்போர்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா ஸ்டேடியம் லைட் எரியும், பேண்டு வாத்தியம், சியர்லீடர்ஸ், தாத்தா பாட்டிலேர்ந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லாரும் அங்கதான், கோயில் திருவிழா மாதிரின்னு வெச்சுக்கோங்களேன், என்ன வாராவாரம் நடக்கும். சேயர்வில் ஒரு காலத்துல செங்கல் சூளைக்கு பேர் போன ஊரு, அப்புறம் கெமிக்கல் ஃபேக்டரிங்க வந்துச்சு. உழைக்கற ஜனங்க ஊரு. அந்த டீமுக்கு பேரு பாம்பர்ஸ். 2010, 2011, 2012னு வரிசையா மூணு வருஷம் மாநிலத்துல அவங்க செக்‌ஷன்ல (பிரிவுல) சாம்பியன். ஹெட் கோச் இருபது வருஷமா அங்கயே இருந்தவரு, ஊர்ல பெரிய மரியாதை.

இந்த ஆட்டத்துல நம்ம பசங்க விளையாடினது கம்மிங்கறதால நமக்கு சட்டுனு புரியாத ஒரு விஷயம் இருக்கு. ஷோல்டர் பேட், தொடைக்கு பேட், இடுப்புக்கு பேட், ஹெல்மெட், ஸ்பைக்ஸ் ஷூன்னு போட்டுக்கவே நேரம் ஆகும், கழட்டவும் அதே நேரம். அதனால ப்ராக்டிஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் பசங்க எல்லாரும் லாக்கர் ரூம்ல ரொம்ப நேரம் இருப்பாங்க, அரைகுறை ட்ரெஸ்ல, ஈரத்தோட, களைப்போட. ஒன்பதாம் வகுப்பு பையனுக்கு 14 வயசு, மீசைகூட வந்திருக்காது. பன்னெண்டாவது படிக்கறவனுக்கு 17, ஜிம்லயே கெடந்து உடம்பை ஏத்தினவன். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல. ஃப்ரெஷ்மேன்னா, அதாவது ஒன்பதாவது படிக்கறவன்னா, ஏதாவது எடுபிடி வேலை பாக்கணும், சீனியர் சொன்னா கேக்கணும்ங்கறது எழுதாத சட்டம்.

நாம ராகிங்னு சொல்றோம்ல, அதைத்தான் இங்க ஹேஸிங்னு சொல்றாங்க. என்ன, நம்ம ஊர்ல அது காலேஜ் ஹாஸ்டல்னு மனசுல பதிஞ்சுபோச்சு. 1996ல சிதம்பரத்துல ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் கொலையானதுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல 1997ல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. இங்க அது ஹைஸ்கூல்லயே ஆரம்பிச்சுடுது. 2000ல ஆல்ஃப்ரெட் யூனிவர்சிட்டி பண்ண சர்வேல, டீம் கிளப்னு ஏதாவது ஒரு குரூப்ல இருந்த ஹைஸ்கூல் பசங்கள்ல 48 சதவீதம் பேர் ஹேஸிங்னு சொல்லத்தக்க ஏதோ ஒண்ணை அனுபவிச்சிருந்தாங்க. 2008ல காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் கிட்ட பண்ண இன்னொரு பெரிய சர்வேல வந்தது இன்னும் மோசம், ஹேஸிங்கை அனுபவிச்சவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் "எனக்கு ஹேஸிங் நடந்துச்சு"ன்னே நினைக்கல.

சட்டம் இல்லாம இருந்துச்சான்னா, இருந்துச்சு. 2010ல ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி ஸ்டூடண்ட் ஒருத்தர் கேலிக்கும் அவமானத்துக்கும் ஆளாகி உயிரை விட்டாரு, அது நடந்த கேம்பஸும் இதே மிடில்செக்ஸ் கவுண்டிதான். அதுக்கப்புறம் நியூ ஜெர்சில ஒரு கடுமையான புல்லியிங் தடுப்புச் சட்டம் வந்து 2011ல அமலாச்சு. ஸ்கூல் ஸ்டாஃப் யாருக்காவது விஷயம் தெரிஞ்சா அன்னிக்கே வாயால சொல்லணும், ரெண்டு ஸ்கூல் நாளுக்குள்ள எழுதிக்குடுக்கணும், பத்து ஸ்கூல் நாளுக்குள்ள விசாரணை முடியணும், ஒவ்வொரு ஸ்கூல்லயும் அதுக்குன்னு ஒரு ஆள் இருக்கணும். ஆக, 2014 செப்டம்பர்ல அந்த லாக்கர் ரூம்ல சட்டப்படி எல்லாமே இருந்துச்சு, பெரியவங்க மட்டும் இல்ல.

என்ன நடந்துச்சு

ப்ராஸிக்யூட்டர் ஆபீஸ் பின்னாடி சொன்னபடி செப்டம்பர் 19லேர்ந்து 29க்குள்ள நாலு சம்பவம், பாதிக்கப்பட்டவங்க நாலு பேர். சீசன் அப்பதான் ஆரம்பிச்சிருந்துச்சு.

நடந்த விதத்தை ஒரு பேரண்ட் லோக்கல் பத்திரிகைக்குச் சொல்லி அது வெளிய வந்துச்சு. ஒரு சீனியர் ஓநாய் மாதிரி ஊளையிடுவான். அதுதான் சிக்னல். உடனே லைட் அணையும். இருட்டுல ஒரு ஃப்ரெஷ்மேனைத் தரையில தள்ளி அமுக்கிப் பிடிப்பாங்க. முடிஞ்சதும் லைட் வரும், எல்லாரும் அவங்கவங்க லாக்கர்ல துணி எடுத்துட்டு இருப்பாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. மொத்தமே பத்து செகண்டு.

இந்தப் பத்து செகண்டுங்கறது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. எங்க கிளப் வாடகைக்கு எடுக்கற ஜிம்ல ஒரு ட்ரெஸ்ஸிங் ரூம் இருக்கு, பசங்க யாரும் இல்லாத நேரம் பாத்து உள்ள போயி லைட்டை அணைச்சேன். ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்துல, தோள் உயரத்துல, யாரும் தட்டிவிடலாம். ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு. பக்கத்துல வெயிட்டிங் ஏரியாலேர்ந்து நடந்து வந்து கதவைத் திறந்து ஸ்விட்சைத் தேடிப் போட எனக்கு ஆனது பதினாலு செகண்டு, அதுவும் எதுக்கு வர்றேன்னு எனக்கே தெரிஞ்சு நடந்தப்போ. வெளிய ஒரு பெரியவர் நின்னா போதும், சத்தம் கேட்டா உள்ள போயிடலாம்னு நாங்க அதுவரைக்கும் நம்பிட்டிருந்தோம்.

பசங்க ஏன் சொல்லலன்னு கேக்கறது சுலபம். அவன் இடத்துலேர்ந்து பாத்தா கணக்கே வேற. சொன்னா ஆட சான்ஸ் போகும், காட்டிக்குடுத்தவன்னு பேரு வரும், அந்தப் பேரு அடுத்த நாலு வருஷத்துக்கு ஒட்டிக்கும், ஒரே ஹைஸ்கூல் இருக்கற ஊரு வேற. அப்பா போன வெள்ளிக்கிழமைதான் டீம் ஜெர்சியோட போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பியிருப்பாரு. இதுல எங்கேர்ந்து வாயைத் திறக்கறது? போதாததுக்கு போன வருஷ ஃப்ரெஷ்மேனும் எதையோ தாங்கிட்டுத்தான் இப்போ சோஃபமோர், அதாவது பத்தாவது, ஆயிருக்கான், இது இப்படித்தான்னு அவன் முகமே சொல்லுது.

முதல் அஞ்சு நாள்

அக்டோபர் முதல் வாரத்துல விஷயம் ஸ்கூல் நிர்வாகத்துக்கு எட்டுச்சு. போலீஸுக்கும் கவுண்டி ப்ராஸிக்யூட்டருக்கும் போச்சு. அந்த வாரம் சவுத் ப்ரன்ஸ்விக் டீமோட ஆட வேண்டிய மேட்சை விட்டுக்குடுத்தாங்க, விசாரணை நடக்குதுன்னு மட்டும் சொன்னாங்க.

சீக்கிரமா போலீஸுக்கு போனதை நான் பெரிய விஷயமாத்தான் பாக்கறேன். 2018 அக்டோபர் 31ல மேரிலாண்டு டமாஸ்கஸ் ஹைஸ்கூல் ஜூனியர் டீம் லாக்கர் ரூம்ல இதைவிட மோசமா ஒண்ணு நடந்துச்சு. அங்க அன்னிக்கு ராத்திரியே ஸ்கூல் ஆளுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா போலீஸுக்கு மறுநாள் காலைலதான் சொன்னாங்க. ஒரே ஒரு ராத்திரிதான், ஆனா அந்த ராத்திரியைப் பத்தி அந்தக் கவுண்டில வருஷக்கணக்கா கேள்வி கேட்டாங்க. உள்ள நாமளே விசாரிச்சுட்டு அப்புறம் சொல்லலாம்னு ஸ்கூலுக்கு தோணறது இயல்பு, ஆனா பசங்களைத் தனித்தனியா கூப்ட்டு கேட்டாலே போதும், எல்லாரும் ஒரே கதையை மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க.

சீசன் ரத்து: ஏன் அந்த முடிவு

அக்டோபர் 6, திங்கக்கிழமை. ஸ்கூல் மாவட்டத்தோட (ஊர் அரசுப் பள்ளிங்களை நடத்தற அமைப்பு) சூப்பரிண்டெண்டென்ட், சீசன்ல மிச்சம் இருக்கற ஆட்டம் எல்லாம் கேன்சல்னு அறிவிச்சாரு. பெரிய டீம் மட்டும் இல்ல, ஜூனியர் டீம், ஃப்ரெஷ்மேன் டீம் எல்லாம். அவர் சொன்ன காரணம், மிரட்டலும் புல்லியிங்கும் பரவலா நடந்திருக்கு, ஆட்டக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பொறுத்துக்கிட்டிருக்காங்க, பொதுவா ஏத்துக்கிட்டிருக்காங்க.

அவர் சொன்னதுல முக்கியம் இந்தக் கடைசி மூணுதான். தப்பு பண்ணவங்க ஏழு பேருன்னா ஏழு பேரை நிறுத்திட்டு மத்தவங்களை ஆட விடலாம், நியாயம்தான். ஆனா லைட்டை ஒருத்தன் அணைக்கறான், ஒருத்தன் ஊளையிடறான், மத்தவங்க சும்மா நிக்கறாங்கன்னா அந்த ரூம்ல இருந்தவங்க எல்லாருமே சாட்சி ஆயிடறாங்க. சாட்சிங்க எல்லாரையும் அதே ரூம்ல, அதே கோச்சுங்க கீழ, தினம் ரெண்டு மணி நேரம் ஒண்ணா வெச்சுக்கிட்டு போலீஸ் விசாரணை நடத்த முடியுமா? பாதிக்கப்பட்ட பையனும் அங்கதான் பேட் மாட்டணும். அதனால தண்டனைன்னு பாக்காம, வீடு தீப்பிடிச்சா மொதல்ல எல்லாரையும் வெளிய கூப்புடற மாதிரின்னுதான் இந்த முடிவை நான் பாக்கறேன்.

முன் உதாரணமும் இருந்துச்சு. 2003ல நியூயார்க் லாங் ஐலண்டுல மெஃபம் ஹைஸ்கூல் டீம் பென்சில்வேனியா காட்டுக்குள்ள ப்ரீசீசன் கேம்ப் போனப்போ சின்னப் பசங்க மேல சீனியர் பசங்க அத்துமீறினாங்க. அங்கயும் சீசனை ரத்து பண்ணாங்க. 2004ல கிராண்ட் ஜூரி (கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு) கோச்சுங்களை நல்லா கண்டிச்சுது, ஆனா அவங்க மேல கிரிமினல் கேஸ் போடல. அப்போ பென்சில்வேனியா ஹேஸிங் சட்டம் காலேஜுக்கு மட்டும்தான், ஹைஸ்கூலுக்கும் சேத்து மாத்துங்கன்னு அந்த ஜூரி சொல்லி, மாத்தினது 2016ல. பன்னெண்டு வருஷம்!

ஆனா இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்துச்சு. சீசன் போனதுக்குக் காரணம் யாருன்னு ஊர் தேட ஆரம்பிக்கும், கண்ணு ஓநாய் மேல விழறதுக்கு முன்னாடி புகார் சொன்ன பையன் மேலதான் விழும். பேரை பத்திரிகைல போடலன்னா என்ன, ஊர்ல எந்தப் பையன் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரலன்னு பக்கத்து பெஞ்சுக்கு தெரியாதா?

ஊர் எப்படி எடுத்துக்கிச்சு

மறுநாள் செவ்வாய்க்கிழமை ராத்திரி, அக்டோபர் 7, ஸ்கூல் போர்டு மீட்டிங். பேரண்ட்ஸ் கோவமா வந்தாங்க. யாரோ சிலர் பண்ணதுக்கு எல்லாரையும் ஏன் தண்டிக்கறீங்க, சீனியர் பசங்களுக்கு இதுதான் கடைசி வருஷம், காலேஜ் டீமுக்கு ஆள் தேடற ஸ்கவுட் வந்து பாக்கற நேரம், ஸ்காலர்ஷிப் போச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு. ஒரு அம்மா பத்திரிகைக்காரங்ககிட்ட யாருக்கும் அடிபடல, யாரும் சாகலன்னு சொன்னாங்க. அது நாடு முழுக்க போயி அந்த அம்மாவை எல்லாரும் காய்ச்சி எடுத்தாங்க.

எனக்கும் முதல்ல படிச்சப்போ ரத்தம் கொதிச்சுது. அப்புறம் தேதியை வரிசையா எழுதிப் பாத்தேன். அந்த அம்மா பேசினது 7ம் தேதி. என்ன குற்றச்சாட்டுன்னு ப்ராஸிக்யூட்டர் வெளிய சொன்னது 10ம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி. அதுவரைக்கும் ஊருக்கு அதிகாரபூர்வமா தெரிஞ்ச வார்த்தை புல்லியிங், மிரட்டல், அவ்ளோதான். அதைக் கேட்டா யாருக்கும் கேலி கிண்டல், டவலால அடிக்கறது, இதுதான ஞாபகம் வரும்? நாலு பசங்களோட மானத்தைக் காப்பாத்தணும்னு விவரத்தைச் சொல்லாம விட்டது சரி. ஆனா சீசனையே நிறுத்தற அளவுக்கு என்னன்னு சொல்லாம விட்டதால அந்த மூணு நாளு இடைவெளியை வதந்தி வந்து ரொப்பிடுச்சு. இது பெரிய கிரிமினல் கேஸா வரலாம், பாதிக்கப்பட்டவங்க இருக்காங்க, மேல கேக்காதீங்கன்னு ரெண்டு வரி 6ம் தேதியே சொல்லியிருந்தா மீட்டிங்ல பாதி பேர் வாயைத் திறந்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன். அந்த அம்மாவை நான் நியாயப்படுத்தல, யாரும் சாகலங்கறது எந்தக் காலத்துலயும் ஒரு அளவுகோல் கிடையாது, ஆனா தெரியாம பேசினதுக்கும் தெரிஞ்சு பேசினதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல.

வெள்ளிக்கிழமை ராத்திரி அறிவிப்பு வந்துச்சு. 15லேர்ந்து 17 வயசு வரைக்கும் ஏழு பேர். அதுல மூணு பேர் மேல கடுமையான பாலியல் தாக்குதல் குற்றச்சாட்டு, மத்தவங்க மேல தாக்குதல், ஹேஸிங்னு பல பிரிவுகள். அப்புறம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊர் பார்க்குல நூத்துக்கணக்கானவங்க கூடி பாதிக்கப்பட்ட பசங்களுக்கு ஆதரவா நின்னாங்க. செவ்வாய்க்கிழமை கத்தின அதே ஊருதான். அஞ்சே நாள்.

கோச்சுங்களும் கோர்ட்டும்

அக்டோபர் கடைசிக்குள்ள ஹெட் கோச்சையும் நாலு அசிஸ்டெண்ட் கோச்சுங்களையும் சஸ்பெண்ட் பண்ணாங்க, சம்பளத்தோட. இந்த ஹேஸிங் விஷயத்துல கோச் யார் மேலயும் கிரிமினல் கேஸ் வரல. ஹெட் கோச்சுக்கு டீம் திரும்பக் கிடைக்கல. ஆனா இங்க கோச்சிங்ங்கறது தனிப் பொறுப்பு, வாத்தியார் வேலை வேற, அது டென்யூர், அதாவது சுலபமா வேலையை விட்டு நீக்க முடியாதுங்கற பாதுகாப்புல இருக்கும். பாதி பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாம "வேலையை விட்டுத் தூக்கல பாத்தியா"ன்னு குதிப்பாங்க.

2014 நவம்பர்ல ப்ராஸிக்யூட்டர் இன்னொரு முக்கியமான முடிவு எடுத்தாரு, ஏழு பேரையும் பெரியவங்க கோர்ட்டுக்கு மாத்தாம ஃபேமிலி கோர்ட்லயே மைனரா விசாரிக்கறதுன்னு. பெரியவங்க கோர்ட்டுன்னா பேர் வெளிய வரும், வருஷக்கணக்குல ஜெயில். ஃபேமிலி கோர்ட்டுன்னா கதவு மூடிதான் விசாரணை, திருத்தறதுதான் நோக்கம். 2015ல வந்த முடிவுகள்ல பெரும்பாலானவங்களுக்கு ப்ரொபேஷன் (ஜெயில் இல்லாம கோர்ட் கண்காணிப்பு), சமூக சேவை. பாலியல் குற்றவாளிங்க பட்டியல்ல பேர் ஏறல. முதல் நாள் குற்றச்சாட்டோட கனத்துக்கும் முடிவுல வந்ததுக்கும் பெரிய தூரம், அதை வெச்சு ரெண்டு பக்கமும் பேசினாங்க. ஒரு சாரார் பாத்தீங்களா ஒண்ணுமே இல்ல, சும்மா ஊதிப் பெருசாக்கிட்டாங்கன்னு. இன்னொரு சாரார் இதுக்கா இவ்ளோ அலைஞ்சோம்னு. மூடின கதவுக்குள்ள என்ன சாட்சி வந்துச்சு, என்ன நிக்கலன்னு பாக்காம ரெண்டு பேருக்குமே அப்படிப் பேச உரிமை இல்லன்னுதான் எனக்குத் தோணுது. 15 வயசுப் பையனை வாழ்நாள் பட்டியல்ல போடாததுல எனக்குத் தனிப்பட்ட முறைல மனவருத்தம் கிடையாது.

என் வருத்தம் வேற இடத்துல. பசங்க ஏழு பேர் கோர்ட் ஏறினாங்க, பெரியவங்க பக்கம் முடிஞ்சது எல்லாம் சஸ்பென்ஷன், ட்யூட்டி மாத்தறது மாதிரி ஆபீஸ் விவகாரம். அப்புறம் பாதிக்கப்பட்ட குடும்பங்க ஸ்கூல் மாவட்டத்து மேல சிவில் கேஸ் போட்டாங்க, அந்த ரூம்ல மேற்பார்வைக்கு யாரு இருந்தாங்கங்கற கேள்வியை எழுப்ப இங்க அதுதான் வழி. வக்கீல் வெச்சு, வருஷக்கணக்கா அலைஞ்சு, தன் பையனுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அந்தக் கேள்வியைக் கேக்கவே முடியுது.

அதுக்கப்புறம்

2015ல புது ஹெட் கோச்சோட டீம் திரும்ப ஆட வந்துச்சு. வெள்ளிக்கிழமை லைட் திரும்ப எரிஞ்சுது.

மாநில அளவுல ஹேஸிங் சட்டம் கடுமையானது 2021ல, அதுவும் இந்தக் கேஸுக்காக இல்ல. நியூ ஜெர்சிலேர்ந்து பென் ஸ்டேட் படிக்கப் போன ஒரு பையன் 2017ல அங்க ஒரு ஃப்ரெட்டர்னிட்டி (காலேஜ் பசங்க சங்கம்) ஹேஸிங்ல இறந்துபோனான், அவன் பேர்ல வந்த சட்டம் அது. சாவோ பலத்த காயமோ ஆனா தண்டனை அதிகம், மிடில் ஸ்கூல் ஹைஸ்கூல் உட்பட எல்லா இடத்துலயும் எழுதின ஹேஸிங் தடுப்புக் கொள்கை கட்டாயம். ரட்கர்ஸ்ல ஒருத்தர் செத்தாதான் 2011 சட்டம், பென் ஸ்டேட்ல ஒருத்தர் செத்தாதான் 2021 சட்டம், சிதம்பரத்துல ஒருத்தர் செத்தாதான் 1997 சட்டம். சேயர்வில்ல யாரும் சாகல. அந்த அம்மா சொன்னது சட்டம் போடறவங்களுக்கும் பொருந்தும்போல.

எதை மாத்தியிருக்கணும்

போலீஸுக்குப் போனது, சீசனை நிறுத்தினது, மைனராவே விசாரிச்சது, மூணையும் நான் மாத்தமாட்டேன். ஊருக்குச் சொன்ன விதத்தை மாத்துவேன், மேல எழுதிட்டேன்.

மாத்த வேண்டியது நிறைய இருக்கறது செப்டம்பர் 19க்கு முன்னாடி. லாக்கர் ரூம்ல பெரியவர் ஒருத்தர் உள்ளயே இருக்கறது, வெளிய இல்ல, ஆபீஸ்ல வீடியோ பாத்துட்டு இல்ல. தனியா ஒரே ஆளா இருந்தா அதுல வேற பிரச்சனை வரும்ங்கறது நியாயமான பயம், அதனால ரெண்டு பேரா, பசங்களுக்கு முதுகைக் காட்டாம கதவுப் பக்கம் நின்னு. ஒன்பதாவது பசங்களுக்கு பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே ட்ரெஸ் மாத்தி அனுப்பிடறது, இதுக்கு காசு செலவே கிடையாது. லைட் ஸ்விட்சை சாவி போட்டாதான் அணையற மாதிரி மாத்தறது, எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. சொன்னவன் பேரு கோச்சுக்குப் போகாத மாதிரி டீமுக்கு வெளிய ஒருத்தர்கிட்ட சொல்ற வழி வேணும், ஏன்னா யாரை ஆட வைக்கணும்னு முடிவு பண்றவர்கிட்டயே போயி புகார் சொல்லுன்னா எந்தப் பையன் சொல்வான்? சீனியர் பசங்களுக்குத் தலைமைப் பொறுப்பு குடுக்கறது நல்லதுதான், ஆனா சின்னவங்களைப் பாத்துக்கற வேலையை அவங்ககிட்ட குடுக்கக் கூடாது, 17 வயசுக்காரனும் குழந்தைதான், அவனையும் ஒருத்தர் பாத்துக்கணும்.

வீட்டுப் பக்கமும் உண்டு. ப்ராக்டிஸ் எப்படிடான்னு கேட்டா ஓகேம்பான், எல்லாரும் ஓகேதான் சொல்வாங்க. இன்னிக்கு லாக்கர் ரூம்ல யார் பக்கத்துல உக்காந்த, ட்ரெஸ் மாத்தும்போது கோச் யாரு இருந்தாங்கன்னு கேட்டா கொஞ்சமாவது விஷயம் வெளிய வரும். திடீர்னு பேட் மாட்டிக்கிட்டே வீட்டுக்கு வர்றான், அங்க குளிக்கமாட்டேங்கறான், பாத்ரூமை அடக்கிட்டு வர்றான்னா பிடிவாதம்னு திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காருங்க.

எங்க கிளப்ல ரெண்டு மாத்தம் பண்ணோம். சின்னப் பசங்க முன்னாடியே மாத்திட்டு வெளிய வந்துடுவாங்க, உள்ள எப்பவும் ரெண்டு வாலண்டியர். ஸ்விட்ச் விஷயத்துக்கு ஜிம் ஓனர் இன்னும் சரின்னு சொல்லல, இன்ஷூரன்ஸ்காரங்களைக் கேக்கணுமாம். போன மாசம் என் நண்பர் ஒருத்தர் பையனை வேற ஒரு இடத்துல ஃபுட்பால் சேக்கப் போனாரு, நான் சொல்லி அனுப்பின ஒரே கேள்வியைக் கேட்டாரு, ட்ரெஸ் மாத்தற நேரத்துல உள்ள யாரு இருப்பாங்கன்னு. கோச் சிரிச்சுட்டு, கவலைப்படாதீங்க, சீனியர் பசங்க பாத்துப்பாங்கன்னாராம்.